வெல்லமிடாத பொங்கல்

பூதிகோட்டை என்றவுடன் ஐதர் அலி பிறந்த ஊர் என்று நினைவு கூரும் அன்பர்கள் சிலர் உண்டு. பங்காருப்பேட்டைக்கு அப்பால் குன்றும் ஏரியும் கேழ்வரகுக் கொல்லையும் சூழ்ந்து கிடக்கும் அச்சிற்றூருக்கு அதைவிடப் பெரிய பெருமை இருப்பதாக நாங்களும் சொல்ல வரவில்லை. பூதி என்றால் திருநீறு; சாம்பல். சாம்பற்கோட்டை என்ற பெயர் வந்ததற்கு ஊரார் சொல்லும் கதைகளில் எதையும் நாங்கள் முழுவதும் நம்பியதில்லை. ஆயினும் 2025ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் பிற்பகல், அகமதாபாத்திலிருந்து எழுந்த கரும்புகையைத் தொலைக்காட்சியில் கண்டபடி அவ்வூர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருந்தபோது, பிறந்தது முதல் பழகிய அந்தப் பெயர் எங்களுக்குச் சற்றே கசந்தது.

நாங்கள் என்பது உடன்பிறந்தார் மூவர். எழுதுவது ஒருவரேயாயினும் மற்ற இருவரும் அருகில் இருந்து திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஆகையால் 'நான்' என்று எழுத வழியில்லை.

எங்கள் தாய்வழிப் பாட்டனார் குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிவந்து பூதிகோட்டையில் தங்கியவர். அப்பாவோ தங்கவயலில் வேலை பார்த்தவர். சுரங்கக் குடியிருப்பில் அறை ஒன்று அவருக்கு இருந்தது. வார விடுமுறைதோறும் சைக்கிளில் வந்து சேருவார். அவர் பாறை உடைத்தவரல்லர். ஆள் இறங்கும் கூண்டைத் தாங்கும் கம்பிக்கயிற்றைப் பார்த்துப் பழுது சொல்லும் குழுவில் இருந்தார். அந்த வேலையை நாங்கள் சிறுவராயிருந்தபோது மிக எளிதாக எண்ணியிருந்தோம். கயிற்றை மெல்ல ஓடவிட்டு, கையில் பிடித்த கழிவுப் பஞ்சை அதன்மேல் ஒற்றிக்கொண்டு நிற்பது. அவ்வளவுதான். எங்கேனும் ஓர் இழை அறுந்து முனை நீட்டிக்கொண்டிருந்தால் பஞ்சு அதில் சிக்கும். சிக்கிய இடத்தில் கயிறு நிற்கும். அறுந்த இழைகளை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமாக ஆழ்ந்து சென்ற சுரங்கங்கள் அவை. அந்த ஆழத்துக்குள் இறங்கியவர்கள் மாலையில் வீடு திரும்புவது ஒரு பிடிப் பஞ்சைப் பொறுத்திருந்தது என்பது பெரியவர்களான பிறகே எங்களுக்கு விளங்கிற்று.

"இரும்பும் மனுசன் மாதிரிதான். ஒரே அடியில சாவாது. தெனம் தெனம் களைச்சு, ஒருநாள் உட்டுடும்" என்பார் அப்பா. இந்தச் சொல்லை இங்கே குறித்து வைப்பதற்குக் காரணம் உண்டு.

எங்கள் தாய்மாமன் பம்பாயில் ஒரு செல்வர் வீட்டில் சமையல் வேலைக்கு இருந்தார். 1976ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சில நாள்கள் முன்பு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வீட்டு எசமானரின் வயது முதிர்ந்த தாயார் சென்னைக்குப் போகவேண்டியிருப்பதாகவும், அவருக்குத் துணையாகத் தம்மையே விமானத்தில் அனுப்பப் போவதாகவும், அநேகமாக அக்டோபர் பன்னிரண்டாம் தேதி வாக்கில் புறப்படக் கூடும் என்றும், சென்னையிலிருந்து ரயிலேறி நேரே ஊருக்கு வந்துவிடுவதாகவும் எழுதியிருந்தார். அக்கடிதம் எங்கள் தெருவில் அடைந்த புகழுக்கு அளவில்லை. அம்மா அதைப் படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் காட்டினார்.

அக்டோபர் 12ஆம் நாள் சாந்தாகுரூஸ் விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல் விமானம், எழுந்த சற்று நேரத்திற்குள் எந்திரம் ஒன்று பழுதாகித் தீப்பற்ற, திரும்பி இறங்க முயன்று ஓடுபாதையை எட்டுமுன் வீழ்ந்தது. பயணிகள் 89 பேர், பணியாளர் 6 பேர். ஆக 95 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வானொலிச் செய்தியில் இதைக் கேட்டபோது அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார் என்பது எங்களுள் நடுவிலவரின் நினைவு. முறம் கீழே விழுந்து கேழ்வரகு சிதறியது என்பது மூத்தவரின் நினைவு. இதில் எங்களுக்குள் இன்றளவும் உடன்பாடு இல்லை.

தொலைபேசி இருந்த வீடு எங்கள் தெருவிலேயே இல்லை. அப்பா முறை மாற்றிக்கொண்டு வந்து பம்பாய் முகவரிக்குத் தந்தி கொடுத்தார். பதில் இல்லை. மறுநாளும் பதில் இல்லை. செய்தித்தாளில் பெயர்ப் பட்டியல் வந்திருக்குமோ என்று ஆங்கிலத் தாளைத் தேடித் தங்கவயலுக்கு ஆள் அனுப்பினோம். ஏர்பிளாஸ்ட் ஆன நாள்களில் குடியிருப்புப் பெண்கள் சுரங்க வாயிலில் எப்படி நிற்பார்களோ, அப்படித்தான் அம்மா வாசற்படியில் நின்றார். பாறையழுத்தம் தாளாமல் அடியில் வெடிக்கும் அந்த அதிர்ச்சிக்குத் தங்கவயல் வைத்த பெயர் அது. நிலத்தின்மேல் வீட்டிலுள்ள பாத்திரம் குலுங்கும். குலுங்கினால் உடனே எழுந்து ஓட வேண்டும். ஓடி வாயிலில் நின்று, கூண்டு மேலே வரும்போதெல்லாம் முகங்களைப் பார்க்க வேண்டும். வாயில் என்று ஒன்று இருந்ததே ஓர் ஆறுதல்தான். பூதிகோட்டையில் நின்றுகொண்டு எந்த வாயிலைப் பார்ப்பது?

நான்காம் நாள் அந்திப்பொழுதில், தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மாமா நடந்து வந்தார்.

அந்த மூதாட்டிக்குக் காய்ச்சல் கண்டதால் பயணம் தள்ளிப் போயிற்றாம். விடுப்பை வீணாக்க வேண்டாமென்று இவர் ரயிலேறிவிட்டார். விபத்துச் செய்தியையே குண்டக்கல் நிலையத்தில் யாரோ விரித்திருந்த செய்தித்தாளில்தான் பார்த்தாராம். தம்மைப் பற்றி ஊரில் கவலைப்படுவார்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அம்மா அவரை இழுத்து ஓங்கி ஓர் அறை அறைந்தார். பிறகு அவர் காலடியிலேயே உட்கார்ந்து அழுதார். தமக்கை தம்பியின் காலைப் பிடித்து அழுததை நாங்கள் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

தம்பி திரும்பி வந்தால் ஏரிக்கரை அம்மனுக்குப் பொங்கலிடுவதாக அவர் நேர்ந்திருந்தார். மறுநாள் பானையும் அரிசியுமாகப் புறப்பட்டபோது அப்பா குறுக்கே நின்றார். அவர் உரக்கப் பேசுகிறவரல்லர்.

"தொண்ணூத்தஞ்சு வூட்ல அடுப்பெரியல. நீ பொங்கல் வெக்கப் போறியா?"

அம்மா பதில் சொல்லவில்லை. போனார், பொங்கல் வைத்தார், எல்லாருக்கும் இலையில் வைத்துக் கொடுத்தார். வாயிலிட்டதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வெல்லம் போடவில்லை. நேர்த்திக்கடனையும் விடாமல், கணவர் சொன்னதையும் தட்டாமல், தம் மகிழ்ச்சியையும் துக்கத்தையும் ஒரே பானையில் அவர் எப்படி அடக்கினார் என்பதை எண்ணிப் பார்க்கும் வயது எங்களுக்கு அப்போது இல்லை. இனிப்பில்லையே என்ற குறைதான் இருந்தது.

அந்த விமானத்தில் இருந்தவர்களில் நடிகை இராணி சந்திராவும் ஒருவர். தாயாரும் தங்கையர் மூவருமாக ஒரே குடும்பத்தில் ஐவர். அவர் நடித்துக்கொண்டிருந்த 'பத்ரகாளி' என்ற தமிழ்ப்படம், எஞ்சிய காட்சிகளில் வேறொருவரை வைத்து முடிக்கப்பெற்று, அவ்வாண்டு டிசம்பரில் வெளியாயிற்று. தங்கவயலில் அப்படம் ஓடியபோது பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். எந்தக் காட்சி வரையில் அவர், எந்தக் காட்சியிலிருந்து மற்றவர் என்று திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, கதையை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அம்மா போக மறுத்துவிட்டார்.

விபத்தின் காரணம் பின்னர் வெளிவந்தபோது அதைப் படித்து அப்பாவுக்குச் சொன்னோம். வலப்புற எந்திரத்தின் உள்ளே காற்றை அழுத்தும் பகுதியில் அடுக்கடுக்காக உலோக வட்டுகள் உண்டு. அவற்றுள் பத்தாம் அடுக்கு வட்டில், நாட்பட்ட சோர்வினால் ஒரு விரிசல் கண்டிருந்தது. முழு விசையில் சுழன்றபோது வட்டு சிதறியது. சிதறிய துண்டுகள் எந்திரத்தின் கூட்டையே பிளந்து வெளிவந்து எரிபொருட் குழாயை அறுத்தன. தீ மூண்டது. விமானத்தின் திசையையும் ஏற்ற இறக்கத்தையும் ஆளும் நீர்ம அழுத்தம் அற்றுப்போக, விமானியின் கையில் இருந்த கட்டுப்பாடு வெறுங்கம்பியாயிற்று. நாங்கள் இவ்வளவையும் விளக்கி முடிக்கு முன்பே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "பஞ்சு ஒத்திப் பாக்க முடியாத எடத்துல வெரிசல்" என்றார். வெளியே தெரியும் கயிற்றைத் தம் குழு நாள்தோறும் தடவிப் பார்த்தது. எந்திரத்தின் வயிற்றுக்குள் இருந்ததை யார் தடவிப் பார்ப்பது என்பதே அவர் கவலை.

விமானம் எழும் வேளைதான் அதன் வாழ்வில் இளைத்த வேளை என்பதை அவர் தாமாகவே சொன்னார். கூண்டும் அப்படித்தானாம்; நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு அசைகிற அந்த முதல் இழுப்பில்தான் கயிற்றின்மேல் பாரம் விழும். விமானமோ தொட்டி நிறைய எண்ணெயும் முழுச் சுமையுமாக, எந்திரங்கள் தம் ஆற்றல் முழுவதையும் செலவிட, உயரமும் இல்லாமல் வேகமும் போதாமல் நிற்கும் நிலை அது. மிக உயரத்தில் எந்திரம் நின்றாலும் மிதந்து மிதந்து இறங்க நேரமுண்டு. சில நூறு அடி உயரத்தில் நின்றால் அந்த நேரமே இல்லை.

மாமா மீண்டும் பம்பாய்க்கே போனார். 1978ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இரவு, துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'பேரரசர் அசோகர்' விமானம் பாந்த்ரா கரைக்கப்பால் கடலில் வீழ்ந்து 213 பேர் மாண்டனர். விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கருவி பொய் சொல்ல, இருளில் கடலின்மேல் விமானி அதை நம்பியதால் நேர்ந்தது அது. மறுநாள் கரையோரம் திரண்ட கூட்டத்தில் தாமும் நின்றதாக மாமா எழுதியிருந்தார். 1993 ஏப்ரல் 26 அன்று ஔரங்காபாத்தில் எழும்பிய விமானம், ஓடுபாதைக்கு வெளியே சாலையில் பஞ்சுப் பொதி ஏற்றிச் சென்ற லாரியில் மோதி 55 பேர் இறந்தனர். பஞ்சு என்ற சொல்லைக் கேட்டு அப்பா வெறுமையாகச் சிரித்தது நினைவிருக்கிறது. இறங்கும்போது நேர்ந்தவை வேறு: 1973 மே 31இல் தில்லியை நெருங்கிய சென்னை விமானத்தில் உருக்கு, சுரங்கத்துறை அமைச்சர் மோகன் குமாரமங்கலம் மறைந்தது; 1990 பிப்ரவரி 14இல் எங்கள் பெங்களூரிலேயே 92 பேர் மடிந்தது. அவற்றை இங்கே விரிக்கவில்லை.

தங்கச் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் மூடப்பெற்றன. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். சுரங்கத்தை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்பினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது விமானமேறுகிறார்கள். பாட்டனார் குடியாத்தத்திலிருந்து வந்தது ஒரு பெயர்ச்சி என்றால், பேரன் இலண்டனுக்குப் போவது அதன் தொடர்ச்சிதான். எங்களுள் இளையவரின் மகனுக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. 2025 ஜூன் 15 அன்று பெங்களூரிலிருந்து புறப்பாடு. அதுவே அவனுக்கு முதல் விமானப் பயணம். விடைபெற்றுப் போக அவன் பூதிகோட்டைக்கு வந்திருந்த வேளையில்தான் பன்னிரண்டாம் தேதியின் செய்தி வந்தது.

அகமதாபாத்திலிருந்து இலண்டன் காட்விக் செல்லும் ஏர் இந்தியா 171ஆம் எண் விமானம். போயிங் 787 வகை. பயணிகள் 230 பேர், பணியாளர் 12 பேர். பிற்பகல் 1 மணி 38 நிமிடம் கடந்து தரையை விட்டது. அடுத்த 32 நொடிகளுக்குள் பி.ஜே. மருத்துவக் கல்லூரி விடுதிக் கட்டடங்களின்மேல் வீழ்ந்தது. மாணவர்கள் பகலுணவுக்கு அமர்ந்திருந்த நேரம். விமானத்தில் 241 பேரும் தரையில் 19 பேரும் மாண்டனர். 11ஏ இருக்கையில் இருந்த ஒருவர் மட்டும் நடந்து வெளியே வந்தார். எஞ்சியவர்களை அடையாளம் காண உறவினரின் இரத்த மாதிரியை எடுத்து ஒப்பிட வேண்டியிருந்தது. சாம்பலிலிருந்து பெயரைத் தேடும் அந்த வேலை பல நாள்கள் நடந்தது.

தொலைக்காட்சியை அணைக்கலாம் என்று நாங்கள் எழுந்தோம். கடைசிப் பத்தாண்டுகளில் அதிகம் பேசாதிருந்த அம்மா, "இருக்கட்டும்" என்றார். பிறகு பேரனைப் பார்த்து, "கீழ போனவரு மேல வரணும்னு உங்க தாத்தாவுக்காக நின்னேன். மேல போனவன் கீழ வரணும்னு உங்க மாமாத் தாத்தாவுக்காக நின்னேன். ரெண்டும் கூண்டுதாண்டா" என்றார். அவன் தன் தாயின் முகத்தைப் பார்த்தான். போகாதே என்று சொல்ல எங்களுள் எவருக்கும் வாய் வரவில்லை. போ என்று சொல்லவும் வரவில்லை.

ஊரில் சிலர் எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். 1976இல் வீழ்ந்த பம்பாய் விமானத்தின் எண்ணும் 171, நாளும் பன்னிரண்டு. வேறு நிறுவனம், வேறு விமானம், வேறு காரணம் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்! நிறுவனமே அந்த எண்ணை இனிப் பயன்படுத்துவதில்லை என்று விலக்கிவிட்டது. இறந்தோர் குடும்பங்களின் மனத்தை மதித்துச் செய்தது அது. எண்ணுக்கு அஞ்சிச் செய்ததன்று என்பது எங்கள் எண்ணம். எண் கொல்லாது. எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தால் விரிசலைத் தேடமாட்டோம்.

ஜூலை 12ஆம் நாள் விபத்து விசாரணை நிறுவனத்தின் முதற்கட்ட அறிக்கை வெளியாயிற்று. விமானம் எழுந்த மூன்று நொடிகளில், இரண்டு எந்திரங்களுக்கும் எரிபொருள் விடும் விசைகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு நொடி இடைவெளியில், ஓடும் நிலையிலிருந்து நிறுத்த நிலைக்கு மாறின என்பதைப் பதிவுக் கருவி காட்டியது. விமானிகளில் ஒருவர் ஏன் நிறுத்தினாய் என்று கேட்கிறார். மற்றவர் நான் நிறுத்தவில்லை என்கிறார். பத்து நொடி கழித்து விசைகள் மீண்டும் ஓடும் நிலைக்கு வந்தன. எந்திரம் ஒன்று உயிர் பெறத் தொடங்கியது, உயரம் போதவில்லை. அறிக்கை இவ்வளவே சொன்னது. விசை எவ்வாறு மாறிற்று என்று அதில் முடிவு கூறவில்லை. ஆயினும் அன்று மாலைக்குள் உலகெங்கும் முடிவு கட்டிவிட்டார்கள். இறந்த விமானியின் குடும்பம், மனநிலை, துயரம் எல்லாம் விலைபோயின. தலைமை விமானியின் முதிய தந்தை தம் மகன்மேல் சாட்டப்படும் பழியைப் போக்குமாறு அவ்வாண்டே உச்ச நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று.

இதைப் படித்தபோது எங்களுக்கு வேறொரு தாள் நினைவுக்கு வந்தது. தங்கவயலில், எங்கள் இளமையில், அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் கூரைப்பாறை சரிந்து இறந்தார். எந்தச் சுரங்கம் என்பது வேண்டா. விசாரணை முடிந்து ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது. அவர் மனைவி எழுத்தறியாதவர். அதை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தார். உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மூத்தவர் வரிவரியாக வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். ஓரிடத்தில், தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவே காரணம் என்று இருந்தது. அப்பா அவர் தோளில் கைவைத்து அழுத்தினார். மூத்தவர் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

கூரைக்கு முட்டுக்கொடுக்க மரம் வந்து சேரவில்லை என்று இறந்தவர் முந்தின வாரமே புலம்பியதை அப்பா அறிவார். தாளில் அது இல்லை. இறந்தவன் எதிர்த்துப் பேசமாட்டான் ஆகையால் பழியைச் சுமக்க அவனைவிட வசதியான தோள் கிடைக்காது. விமானி குற்றமற்றவர் என்று சாதிக்க நாங்கள் வரவில்லை. அதைச் சொல்ல எங்களுக்கு அறிவுமில்லை, உரிமையுமில்லை. விசையைப் பார்க்கட்டும், கம்பியைப் பார்க்கட்டும், மனிதனையும் பார்க்கட்டும். அழுத்திப் பார்க்குமுன் எழுதாதிருக்கட்டும். பஞ்சு சிக்காத இடத்தில் கயிறு அறுந்ததாக அப்பா ஒருநாளும் குறிப்பேட்டில் எழுதியதில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், ஒரு திருமணத்தில் அந்த அம்மையார் எங்கள் மூத்தவரைக் கண்டு கையைப் பற்றிக்கொண்டார். "அன்னிக்கு நீ ஒரு வரி உட்டுட்டே, தம்பி. எனக்கு அப்பவே தெரியும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பேரன் ஜூன் 15 அன்றே புறப்பட்டான். தேவனஹள்ளி விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அப்பால் அவன் கையசைத்து மறைந்த பிறகு, வெளியே வாகன நிறுத்துமிடத்தில் நின்றபடி நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எது அவனுடைய விமானம் என்று தெரியாததால் எழுந்த ஒவ்வொன்றுக்கும் மனத்துக்குள் முப்பத்திரண்டு வரை எண்ணினோம். மறுநாள் இலண்டனிலிருந்து பேசினான். தானும் எண்ணியதாகச் சொன்னான். பக்கத்து இருக்கையில் இருந்த முதியவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு விரல்விட்டு எண்ணியதையும் பார்த்தானாம்.

அம்மா அன்று பொங்கல் வைக்கச் சொன்னார். அடுப்படியில் வெல்லத்தை எடுத்த எங்கள் இளையவர், பழைய நினைவில் அதைத் திரும்ப வைத்துவிட்டார். அம்மா உண்டு பார்த்து ஒன்றும் கூறவில்லை. இரண்டு கவளம் ஆனதும், "அந்த ஒருத்தன் பொழைச்சானே, அவன் வூட்ல யாரு இருக்காங்க?" என்று கேட்டார். உடன்பிறந்தவரை அதே விமானத்தில் பறிகொடுத்தவர் அவர் என்று செய்தித்தாளில் படித்திருந்ததைச் சொன்னோம். இப்போதும் வாரம் ஒருமுறையேனும் அம்மா அவரைப் பற்றிக் கேட்கிறார். தூங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று.